தொலைநோக்கியின் மூலைக் கண்ணாடி: மாற்றினால் லாபமா?

நம் சங்கத்துக்கு அன்பர் ஒருவர் தொலைநோக்கி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 90 மில்லிமீட்டர் அகல வில்லை, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று நிலாவையும் வியாழனையும் பார்க்கிறார்கள். சமீபத்தில் செயற்குழுவில் இளைஞர் அணியினர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். குழாயோடு வந்த டயகனல் சரியில்லை, 99 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் புது டயகனல் ஒன்று வாங்க 9,000 ரூபாய் வேண்டும் என்றார்கள். பொருளாளர் என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கதான் ராத்திரியெல்லாம் குழாயும் கையுமா இருக்கறவர். இது வேணுமா, வேண்டாமா, நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. டயகனல் விஷயத்தில் நானே ஒருமுறை பணத்தை விட்டவன்; அதைச் சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுத்தில் சொல்வது சுலபம். மலர்க் குழுவினரும் கட்டுரை கேட்டார்கள். ஆகவே முழுக் கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பௌதிகம் படித்தவன் அல்லன். போளூர்ப் பக்கத்திலிருந்து பள்ளி இறுதி வகுப்போடு புனே வந்தவன். நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வீட்டுக்காரன் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு ராத்திரி கொஞ்சம் நீளம். அந்த நேரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல்களைப் படித்தும், வானத்தைப் பார்த்தும் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

டயகனல் என்பது என்ன?

மூலைவிட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் ஆங்கிலச் சொல்தான் டயகனல். வில்லை வைத்த தொலைநோக்கியில் ஒளி முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் குவிகிறது. அங்கே கண்ணருகு வில்லையை, அதாவது ஐபீஸை, நேராகச் செருகிப் பார்க்கலாம். ஆனால் தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் குழாயின் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். என் வயதில் அது நடக்கிற காரியமா? அதற்காகத்தான் குழாய்க்கும் ஐபீஸுக்கும் நடுவில், 45 டிகிரி சாய்த்த ஒரு சிறு கண்ணாடியை ஒரு பெட்டிக்குள் பொருத்தி வைக்கிறார்கள். ஒளி அதில் பட்டு 90 டிகிரி திரும்பி மேல்நோக்கி வரும். நாம் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்க்கலாம். மூலைக் கண்ணாடி என்று நான் சொல்வது இதைத்தான்.

இது நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அல்ல. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். ஒளி கண்ணாடித் தகட்டுக்குள் போய்த் திரும்பி வரும். முன்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்புவதால் மங்கலாக இரண்டாவது உருவம் ஒன்று கூடவே வரும். விரல் நுனியை வைத்துப் பாருங்கள், விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். தொலைநோக்கிக்கு இது ஆகாது. ஆகையால் பூச்சை முன்முகத்திலேயே பூசுகிறார்கள். கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதிலும் விரலை வைத்துப் பார்க்கலாம், இடைவெளி இராது. அது கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய உலோகம். அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் என்று அங்கே ஒரு மரபுவழிச் செய்தி உண்டு. வெண்கலம் விற்கிறவன் என்பதால் இதை எழுதாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஆனால் இதற்கும் நம் விஷயத்துக்கும் நேரடி உறவும் உண்டு.

கண்ணாடியைக் கழற்றி எறிந்த ஹெர்ஷல்

1668இல் ஐசக் நியூட்டன் செய்த முதல் ஆடித் தொலைநோக்கியில் இருந்ததும் இதே வகை உலோகம்தான். செம்பு, வெள்ளீயம் கலந்த ஸ்பெகுலம். பெரிய குழி ஆடி ஒன்று ஒளியைக் குவிக்கும். வாய்ப்பக்கத்தில் 45 டிகிரி சாய்ந்த சின்னத் தட்டை ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். ஸ்பெகுலம் புதிதாக மெருகேற்றியிருக்கும்போதே, விழுந்த ஒளியில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்துதான் திருப்பித் தரும். இரண்டு ஆடி என்றால் நூறில் ஏறக்குறைய நாற்பதுதான் கண்ணுக்கு வந்து சேரும்.

யுரேனஸ் கோளை 1781இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலுக்கு இந்த நஷ்டம் பொறுக்கவில்லை. தமது 20 அடித் தொலைநோக்கியில் அந்தச் சாய்வு ஆடியையே கழற்றிவிட்டார். பெரிய ஆடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, குழாயின் வாய் விளிம்பில் தாமே நின்று நேராக உள்ளே பார்த்தார். நாற்பதாக இருந்த ஒளி அறுபதுக்கு மேல் போயிற்று. 1787 ஜனவரியில் அந்த ஏற்பாட்டோடு யுரேனஸைப் பார்த்தபோது அதன் இரண்டு நிலாக்கள் அவருக்குத் தெரிந்தன. (அதே யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச்சில் தெரிய வந்தபோது, ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத காவலூர் வானாய்வகத்திலும் அதைப் பதிவு செய்தார்கள். சொந்த ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்.)

ஆக, சாய்வுக் கண்ணாடி விழுங்கும் ஒளி முக்கியம்தான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு விழுங்குகிறது என்பதல்லவா கேள்வி? ஹெர்ஷல் காலத்தில் அது நூற்றில் முப்பத்தைந்து, நாற்பது. 1850களில் கண்ணாடியின்மேல் வெள்ளி பூசும் முறையை ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கொண்டுவந்தார்கள். வெள்ளி நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் சீக்கிரம் கறுத்துவிடும். நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கே சாட்சி. 1930களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் முறை வந்தது. இன்று சாதாரண டயகனலில் இருப்பது அந்த அலுமினியம்தான், அதன்மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சோடு. இது நூறில் 88 முதல் 90 வரை திருப்பித் தரும். இன்னும் சில அடுக்குகள் சேர்த்து மேம்படுத்திய அலுமினியம் 95 வரை போகும். கடைசியாக வந்தது டை-எலக்ட்ரிக் பூச்சு. இதில் உலோகமே கிடையாது. டைட்டானியம் டையாக்ஸைடு, சிலிக்கன் டையாக்ஸைடு போன்ற இரண்டு பொருள்களை மாற்றி மாற்றிப் பல டஜன் அடுக்குகள் பூசுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒளி அலையின் நீளத்தில் கால் பங்கு கனம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் ஒளி எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து சேர்ந்துவிடுகிறது. மழைநீரில் எண்ணெய் மிதந்தால் வானவில் நிறம் தெரிகிறதே, அதே தத்துவம். இது தருவது நூறில் 99.

இளைஞர் அணி கேட்பது இந்தக் கடைசி ரகம்.

ஒளிக்கு ஒரு பேரேடு

இப்போது வியாபாரி முறையில் கணக்கைப் பார்ப்போம். பழைய டயகனல் 89 தருகிறது, புதியது 99 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 10 என்று சொல்லத் தோன்றும். 89க்கு 10 என்றால் பதினோரு சதவீத லாபம். கடையில் அது நல்ல லாபம். ஆனால் கண் என்பது கல்லாப் பெட்டி அல்ல. கண்ணுக்கு வெளிச்சம் விகிதத்தில்தான் உறைக்கும். அதனால்தான் வானியலார் மேக்னிட்யூட் என்ற அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு. 89க்கும் 99க்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அளவில் சொன்னால் 0.12. மாறொளி நட்சத்திரங்களை வருஷக்கணக்காகக் கவனித்துப் பழகியவர்கள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை ஒப்பிட்டு 0.1 வரை மதிப்பிடுவார்கள். கண்ணுக்கு அதுதான் எல்லை. நாம் செய்வதோ ஒரு டயகனலைக் கழற்றி, இன்னொன்றைப் பூட்டி, மறுபடி கூர்மைப்படுத்தி, இரண்டு நிமிஷம் கழித்து ஞாபகத்தில் ஒப்பிடுவது. தேறாது.

வேறு மாதிரியும் சொல்லலாம். என்னிடம் இருப்பது 102 மில்லிமீட்டர் வில்லை. அதில் டயகனலை மாற்றிக் கிடைக்கும் ஒளி, வில்லையை ஏறக்குறைய 107 மில்லிமீட்டராகப் பெரிதாக்கியதற்குச் சமம். அந்த ஐந்து மில்லிமீட்டருக்காக யாராவது குழாயை மாற்றுவார்களா?

இதே அளவு ஒளியை இலவசமாகவே பெற வழி உண்டு. நட்சத்திர ஒளி நம்மிடம் வருமுன் காற்றைத் தாண்டி வர வேண்டும். தெளிவான இரவிலும், கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்திடமிருந்து காற்று ஏறக்குறைய கால் மேக்னிட்யூட் வசூலித்துவிடும். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் காற்றின் கனம் இரண்டு மடங்கு. வசூலும் இரண்டு மடங்கு. அதாவது நூறு ரூபாய் ஒளி கிளம்பினால் 63 ரூபாய்தான் வரும். அதே நட்சத்திரம் 60 டிகிரிக்கு ஏறட்டும், 77 ரூபாய் வரும். இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் கிடைக்கும் இந்த லாபம் 22 சதவீதம். டயகனல் தருவதைப்போல இரு மடங்கு. புகையும் தூசும் நிறைந்த நகரத்து வானத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வியாழன் பக்கத்துக் கட்டிடத்துக்கு மேலே தலைகாட்டினவுடனேயே குழாயைத் திருப்பிவிட்டு, "மங்கலா இருக்கு தாத்தா" என்கிறார்கள்.

நகரத்து விளக்கு வெளிச்சம் வேறு. மொட்டை மாடியில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களுக்கும், ஊரைத் தாண்டி இருட்டான இடத்தில் தெரிபவற்றுக்கும் உள்ள தூரம் இரண்டு மேக்னிட்யூடுக்கு மேல். அதன் எதிரில் 0.12 எங்கே நிற்கும்?

நான் பணம் விட்ட கதை

இப்போது என் அசட்டுத்தனம். அறுபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய குழாயில் முன்போல் தெரியவில்லை. மிருகசீரிஷத்துக்குக் கீழே, வேடனின் வாளில் இருக்கும் ஒரையன் நெபுலா வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே வந்தது. நிலாவைச் சுற்றி ஒரு பால் வட்டம். குற்றவாளி டயகனல்தான் என்று தீர்மானித்தேன். வாங்கிப் பதினைந்து வருஷமான சாதாரண அலுமினியக் கண்ணாடி. முதலில் பஞ்சு வைத்துத் துடைத்தேன் (இது செய்யவே கூடாத காரியம், பிறகு சொல்கிறேன்). பிறகு வெளிநாட்டிலிருந்து டை-எலக்ட்ரிக் டயகனல் ஒன்றை வரவழைத்தேன். வரி, கூலி எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய். வந்த அன்று ராத்திரி பூட்டிப் பார்த்தேன். "ஆகா, என்ன தெளிவு" என்று வீட்டில் சொன்னேன். எட்டாயிரம் கொடுத்தவன் வேறு என்ன சொல்வான்? ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது, அதே மங்கல், அதே பால் வட்டம்.

ஒன்றரை வருஷம் கழித்து வேறு காரியமாகக் கண் டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. இரண்டு கண்ணிலும் புரை, வலக்கண்ணில் அதிகம் என்றார். எந்தக் கண்ணால் தொலைநோக்கியில் பார்ப்பேனோ அந்தக் கண். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதாக ஆக மஞ்சளடித்து, கலங்கி, ஒளியைச் சிதறடிக்கிறது. நிலாவைச் சுற்றி நான் பார்த்த பால் வட்டம் கண்ணாடியில் இல்லை, என் கண்ணில் இருந்தது. நூறில் பதினொன்றைக் காப்பாற்ற எட்டாயிரம் கொடுத்தவன், அதைவிடப் பெரிய ஓட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வலக்கண்ணில் அறுவை செய்து செயற்கை வில்லை வைத்தார்கள். ஆறிய பிறகு முதலில் பார்த்தது அபிஜித் நட்சத்திரம், வேகா என்பார்களே அது. வலக்கண்ணால் பார்த்தால் நல்ல நீலம் கலந்த வெண்மை. அறுவை செய்யாத இடக்கண்ணால் பார்த்தால் உருக்கிய வெண்ணெய் நிறம். இருபது வருஷத்துக்கு முன் அது அப்படித்தான் நீலமாக இருந்தது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அதன்பிறகு ஒரு சோதனை செய்தோம். ஜனவரி மாதம், ஒரையன் நெபுலா நன்றாக மேலே ஏறியிருந்த இரவு. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி பழைய டயகனலையும் புதியதையும் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு, தன் விருப்பப்படி ஒன்றைப் பூட்டி, தானே கூர்மைப்படுத்துவாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாயைத் தொடாமல் பார்த்துவிட்டு, பழசா புதுசா என்று சொல்ல வேண்டும். இருபது முறை செய்தோம். பதினொன்று சரி, ஒன்பது தப்பு. "காசு சுண்டிப் போட்டாலும் இதே வரும் தாத்தா" என்றாள்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்?

டயகனலில் ஒளியளவைத் தவிர வேறு சங்கதிகள் இருக்கின்றன. பணம் கொடுப்பதானால் அவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் 99 என்ற எண் பெரிதாக இருக்கும், இவை சிறிய எழுத்தில் இருக்கும்.

முதலாவது, பூச்சின் ஆயுள். அலுமினியப் பூச்சு மென்மையானது. பஞ்சால் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்தக் கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கும். ரப்பர்ப் பந்தால் காற்று ஊதித் தூசியைப் போக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லேசான தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் இல்லை. டை-எலக்ட்ரிக் பூச்சோ கெட்டியானது, கறுக்காது, முறையாகத் துடைத்தால் தாங்கும். மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது நியாயமான செலவு. புனேயில் நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்படியும் வானம் கிடையாது. அந்த நாலு மாதமும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வைத்தால் அலுமினியமே நீண்ட நாள் வரும். (எவர்சில்வர் சம்புடம் போதும். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.) பழைய கண்ணாடியில் பூச்சு உரிந்திருந்தால், புள்ளி புள்ளியாக அரித்திருந்தால், கேள்வியே இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, பெட்டியின் நேர்த்தி. இதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடி சரியாக 45 டிகிரியில் உட்காரவில்லையானால், வில்லையின் அச்சும் ஐபீஸின் அச்சும் ஒரே கோட்டில் வராது. எத்தனை நல்ல வில்லையானாலும் உருவத்தின் ஒரு பக்கம் தெளிவு குறையும். சோதிப்பது சுலபம். துருவ நட்சத்திரத்தை நடுவில் வையுங்கள், அது நகராது. இப்போது டயகனலை அதன் குழாய்க்குள்ளேயே மெதுவாகச் சுழற்றுங்கள். நட்சத்திரம் ஏறக்குறைய நடுவிலேயே நின்றால் பெட்டி நேர். பெரிய வட்டமாகச் சுற்றி வந்தால் கோணல். மலிவான பிளாஸ்டிக் பெட்டிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. கனமான ஐபீஸை வைத்தால் சாய்ந்தும் கொடுக்கும்.

மூன்றாவது, கண்ணாடிப் பரப்பின் சமதளம். அலையில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கெட்டது இல்லை. ஆனால் டயகனல் ஒளி குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், ஒரு நட்சத்திரத்தின் ஒளி கண்ணாடி முழுவதும் பரவி விழுவதில்லை. நம் சங்கத்துக் குழாயில் குவியத் தூரம் அகலத்தைப்போல் பத்து மடங்கு. குவியும் இடத்துக்கு 45 மில்லிமீட்டர் முன்னால் கண்ணாடி இருந்தால், ஒரு நட்சத்திரம் அதன்மேல் எடுத்துக்கொள்ளும் இடம் நாலரை மில்லிமீட்டர் வட்டம், அவ்வளவுதான். அந்தச் சின்ன இடம் சமதளமாக இருந்தால் போதும்; ஓரளவு ஒழுங்காகச் செய்த எந்தக் கண்ணாடியும் அதில் தேறிவிடும்.

நான்காவது அகலம். சாதாரண டயகனல் 31.7 மில்லிமீட்டர் விட்டம். பெரியது இரண்டு அங்குலம். பெரியதில் வானம் அகலமாகத் தெரியும். உதாரணமாக எட்டு அங்குல ஷ்மிட்-காஸகிரேன் குழாயில், சிறியதில் அதிகபட்சம் முக்கால் டிகிரி வானம்தான் ஒரே பார்வையில் வரும், பெரியதில் 1.3 டிகிரி. இது எவருக்கும் பளிச்சென்று தெரியும் வித்தியாசம். ஆனால் அதற்குத் தகுந்த இரண்டு அங்குல ஐபீஸும் வாங்க வேண்டும், அது டயகனலைவிட விலை. குழாயின் பின்வாயும் இரண்டு அங்குலத்தை ஏற்க வேண்டும். பெரிய டயகனல் ஒளிப்பாதையை நீட்டுவதால் சில குழாய்களில் உருவம் கூர்மைக்கே வராது. வாங்குமுன் அளந்து பாருங்கள்.

கண்ணாடிக்குப் பதில் முப்பட்டகம் வைத்த டயகனலும் உண்டு. அதில் ஒளி திரும்புவது முழு அக எதிரொளிப்பால். பூச்சு கறுக்கிற கவலையே இல்லை. குட்டையான, வேகமாகக் குவியும் குழாய்களில் அது கொஞ்சம் நிறப்பிறழ்ச்சி காட்டும். நம்முடையது போன்ற பத்து மடங்குக் குழாயில் அந்தத் தொல்லை இல்லை.

நியூட்டன் வகைக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. உங்கள் சாய்வுக் கண்ணாடி குழாய்க்குள்ளேயே இருக்கிறது. பெரிய ஆடியோடு அதுவும் சேர்ந்தே மங்கும். அதை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. இரண்டையும் ஒன்றாக மறுபூச்சுக்குக் கொடுங்கள். காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியையே இறக்கி, அங்குள்ள வெற்றிடக் கூண்டில் வைத்துத்தான் அலுமினியத்தைப் புதுப்பிக்கிறார்கள்.

சங்கத்துக் குழாய்

போன சனிக்கிழமை பிள்ளைகளோடு மாடிக்குப் போய் அந்த டயகனலைக் கழற்றிப் பார்த்தேன். அது சாதாரண டயகனலே அல்ல. 45 டிகிரி மட்டும் திருப்பும், உருவத்தை நேராகக் காட்டும் கூரைப் பட்டகம். பறவை பார்க்கவும் தூரத்து மலையைப் பார்க்கவும் செய்தது. அதில் பட்டகத்தின் இரண்டு முகங்கள் கூரைபோல் ஒரு விளிம்பில் சேரும். அந்த விளிம்பு பார்வையின் நடுவிலேயே வருவதால் பிரகாசமான நட்சத்திரத்தின் குறுக்கே ஓர் ஒளிக்கோடு விழும். வியாழனைப் பெருக்கிப் பார்த்தபோது அதன் குறுக்கே அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. டயகனல் இல்லாமல் ஒரு நீட்டிப்புக் குழாயை வைத்து ஐபீஸை நேராகச் செருகிப் பார்த்தோம். கோடு போயிற்று, வியாழனின் இரண்டு பட்டைகளும் கூர்மையாக வந்தன. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "இதுதான் ஒரிஜினலா?" என்று கேட்டான்.

ஆகவே இளைஞர் அணி சொன்னதில் பாதி சரி. இருக்கிற டயகனல் விண்மீன் பார்க்க லாயக்கில்லை, மாற்றத்தான் வேண்டும். தலைக்கு மேலே பார்க்கும்போது அந்த 45 டிகிரியில் பிள்ளைகள் தரையில் முழங்காலிட வேண்டியிருப்பது வேறு. ஆனால் மாற்ற வேண்டியது 9,000 ரூபாய்ச் சரக்கால் அல்ல. 90 டிகிரி திருப்பும் சாதாரணக் கண்ணாடியோ முப்பட்டகமோ இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். நிலாப் படத்தில் வலப்புறம் இருக்கும் மாரே கிரைசியம் இடப்புறம் தெரிந்தால் குழாய் கெட்டுவிட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். திருப்பி அச்சிட்ட நிலாப் படங்கள் கிடைக்கின்றன.

மிச்சப் பணத்தில் 32 மில்லிமீட்டர் பிளாசல் ஐபீஸ் ஒன்றும், கோள்களுக்கு 6 மில்லிமீட்டர் ஒன்றும் வாங்கலாம் என்பது என் யோசனை. முதலாவது 28 மடங்கு பெருக்கும். கிருத்திகைக் கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். இரண்டாவது 150 மடங்கு. அதற்கும் மேல் மிஞ்சினால் அமாவாசை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, ஊரைத் தாண்டி இருட்டான இடத்துக்குப் பிள்ளைகளை வண்டியில் அழைத்துப் போகலாம். நம்மைவிட அனுபவசாலிகளான ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தாக்காரர்கள் 1944 முதல் இதே ஊரில் இருக்கிறார்கள். எந்த இடம் நல்லது என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

டயகனலுக்கு உடனே பணம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. என் பழைய அலுமினிய டயகனல், அந்தப் பதினைந்து வருஷத்துச் சரக்கு, சும்மாதான் கிடந்தது. சுழற்றிப் பார்த்தேன், பெட்டி நேராக இருக்கிறது. நான் பஞ்சால் துடைத்த கீறல் ஒரு ஓரத்தில் உண்டு, பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. 31.7 மில்லிமீட்டர், சங்கத்துக் குழாய்க்குப் பொருந்தும். ஒரு சம்புடத்தில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.